பாட்டியும் கூப்பிடணும்... நர்ஸும் கூப்பிடணும்!

திருவண்ணாமலை தேரடி வீதிக்குப் பக்கத்தில் ஒரு வீடு. திண்ணையில் உட்கார்ந்திருந்த பாட்டியின் கையில் செல்போன். முகத்தில் சந்தோஷம் பாதி, கவலை பாதி.

"பேத்தி பொறந்திருக்கா... அமெரிக்காவுல, டெக்சாஸ்ல. தாயும் சேயும் சௌக்கியம். ஆனா பேருதான் இன்னும் முடிவாகலை. ஆஸ்பத்திரியை விட்டுக் கெளம்பறதுக்குள்ள பேரை எழுதிக் குடுக்கச் சொல்றாங்களாம். நம்ம அம்மன் பேரு, 'உண்ணாமுலை'ன்னு வைங்கன்னேன். 'இங்க ஒருத்தர் வாயிலயும் நுழையாதும்மா'ங்கறா மக. அவ சொல்ற ஸ்டைல் பேரு எதுவும் என் வாயில நுழையலை. என் பேத்தியை நான் எப்படிக் கூப்பிடறது, சொல்லுங்க?"

பாட்டி கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. மகள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. டெக்சாஸில் ஆங்கிலம் மட்டும் இல்லை, ஸ்பானிஷும் எங்கே திரும்பினாலும் காதில் விழும். அமெரிக்காவில் ஆங்கிலத்துக்கு அடுத்தபடி அதிகம் பேர் பேசும் மொழி அதுதான். ஊசி போடும் நர்ஸ், பள்ளிக்கூட டீச்சர், பக்கத்து வீட்டு அம்மா எல்லோரும் அந்தக் குழந்தையைக் கூப்பிட வேண்டும். ஊரில் பாட்டியும் கூப்பிட வேண்டும்.

"அமெரிக்காவுக்குப் போறவங்களுக்குத்தானே இந்தத் தலைவலி?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். செங்கத்திலும் போளூரிலும் பிறக்கிற குழந்தையின் பெயரும் தமிழில் ஒரு தரம், ஆங்கிலத்தில் ஒரு தரம் எழுதப்படுகிறது. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால், அலைவது நீங்கள்தான்!

சாமிக்கே இரண்டு பேர்!

இரண்டு மொழியில் பெயர் சொல்வது இந்த ஊருக்குப் புதிது இல்லை. தமிழில் அண்ணாமலையார், வடமொழியில் அருணாசலேஸ்வரர். அம்மனும் அப்படித்தான். தமிழில் உண்ணாமுலை, வடமொழியில் அபீதகுசாம்பாள்.

1896-ல் மதுரையிலிருந்து இங்கே வந்த வேங்கடராமன் என்ற பையனை நினைத்துப் பாருங்கள். 1907-ல் கணபதி முனிவர் அந்தப் பெயரைச் சுருக்கி 'ரமணர்' என்று அழைத்தார். இன்று எந்த நாட்டுக்காரர் வந்தாலும் 'ரமணா' என்று திக்காமல் சொல்கிறார். புதுப் பெயர் தேடவில்லை. இருந்த பெயருக்குள்ளேயே எல்லோருக்கும் வருகிற ஒரு பெயர் இருந்தது!

எழுத்துக் கூட்டாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் இந்த ஊரே சாட்சி. 1767-ல் இங்கே ஹைதர் அலி தரப்புக்கும் கும்பினிப் படைக்கும் சண்டை நடந்தது. வெள்ளைக்காரர்கள் எழுதி வைத்ததில் ஊர்ப் பெயர் 'டிரினோமலி'!

ஆங்கிலம் ஊகிக்கும், ஸ்பானிஷ் எழுத்தைப் படிக்கும்

ஆங்கிலத்தில் ஒரே எழுத்து இடத்துக்கு இடம் வேறு மாதிரி ஒலிக்கும். அதனால் ஆங்கிலக்காரர் புதுப் பெயரைப் பார்த்தால் ஊகித்துத்தான் படிப்பார். ஸ்பானிஷ் அப்படி இல்லை. அதன் ஐந்து உயிரெழுத்துகளும் ஏறக்குறைய நம் அ, எ, இ, ஒ, உ மாதிரி. எங்கே வந்தாலும் அதே ஒலி.

இதனால் ஒரு சங்கடம். 'தீபா' என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். டபுள் ஈ போட்டு எழுதினால் ஆங்கிலக்காரர் 'தீ' என்று சரியாகப் படிப்பார். ஸ்பானிஷ்காரர் 'தெஎபா' என்பார். ஒற்றை ஐ போட்டு எழுதினால் ஸ்பானிஷ்காரருக்குச் சரி. ஆங்கிலக்காரர் 'டிப்பா' என்றோ 'டைப்பா' என்றோ தடுமாறுவார்.

'ஜே' எழுத்து இன்னொரு கண்ணி. ஸ்பானிஷில் அது தொண்டையிலிருந்து வரும் 'ஹ'. ஜெயா அங்கே 'ஹெயா', ஜோதி 'ஹோதி'. 'வி' எழுத்து 'பி' போல ஒலிக்கும். 'ஹெச்' எழுத்துக்கு ஒலியே கிடையாது.

நம் 'ழ' இரண்டு பேரையும் தோற்கடித்துவிடும். யாழினி, எழில், கயல்விழி எல்லாவற்றுக்கும் இஸட்-ஹெச் போட்டு எழுதுகிறோம். வெளிநாட்டில் யாழினி 'யாஸினி' ஆகிவிடுகிறாள்.

ஆனால் ஸ்பானிஷ் நமக்கு உறவு மாதிரி நெருங்கி வருகிற இடமும் உண்டு. 'ஞ'வுக்கு அவர்களிடம் தனி எழுத்தே இருக்கிறது. தங்கள் நாட்டையே 'எஸ்பாஞா' என்கிறார்கள். ஆங்கிலக்காரரோ ஞானம் என்ற பெயரில் முதல் எழுத்தை விழுங்கி 'நானம்' என்பார். ர, ற வித்தியாசமும் ஸ்பானிஷில் உண்டு. 'பெரோ' என்றால் 'ஆனால்', 'பெர்ரோ' என்றால் 'நாய்'. நம்ம கரி, கறி மாதிரிதான்!

அர்த்தம் மாறினால்...

மாலை சூடிய 'மாலா' தமிழில் அழகு. ஸ்பானிஷில் 'மாலா' என்றால் 'கெட்டவள்'. 'லதா' நமக்குக் கொடி. அவர்களுக்குத் தகர டப்பா! 'மணி' ஆங்கிலக் காதுக்குப் பணம், ஸ்பானிஷ் பேசும் பல நாடுகளில் வேர்க்கடலை. 'மீரா' காதில் விழுந்தால் "இதைப் பாரு!" என்று சொன்னது போல இருக்கும். ஆங்கிலத்தில் 'பூ' என்பது குழந்தைகள் மலத்துக்குச் சொல்லும் சொல். பூங்குழலி, பூங்கொடி என்று பெயர் உள்ள பிள்ளைகள் அங்கே பள்ளியில் கேலிக்கு ஆளாகலாம்.

ஏற்கெனவே இந்தப் பெயர் உள்ளவர்கள் கவலைப்படத் தேவையில்லை. பெயரில் குற்றம் எதுவும் இல்லை. அங்கேயே வளரப்போகும் குழந்தை என்றால், வைக்கும் முன் ஒரு முறை விசாரித்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான்.

உமா, மாயா, இனியா போன்ற பெயர்கள் மூன்று மொழியிலும் பெரிய சேதமில்லாமல் பிழைக்கும். ஆண் பிள்ளைக்கு அருண், ரமணன். இவற்றில் பொதுவாக என்ன இருக்கிறது? இரண்டு மூன்று அசை. ழ, ஜ, ஞ இல்லை. ஒன்றோடு ஒன்று ஒட்டிய மெய்யெழுத்துகள் இல்லை.

வைக்கும் முன் ஐந்து சோதனை

1. கூப்பிட்டுப் பாருங்கள்: வீட்டிலேயே வயதானவரை, வாசலில் நின்று சத்தமாகக் கூப்பிடச் சொல்லுங்கள். நாக்கு தடுக்கினால் அந்தப் பெயர் வீட்டிலேயே சிதையும்.

2. எழுதிக் காட்டுங்கள்: ஆங்கிலத்தில் எழுதி, தமிழ் தெரியாத ஒருவரிடம் படிக்கச் சொல்லுங்கள். நீங்கள் முதலில் சொல்லிக் கொடுக்கக் கூடாது.

3. போனில் சொல்லுங்கள்: எழுத்துக் கூட்டாமல் எதிர்முனையில் இருப்பவர் சரியாக எழுதுகிறாரா?

4. அர்த்தம் கேளுங்கள்: குழந்தை வளரப்போகும் ஊரின் மொழி பேசும் ஒருவரிடம் கேட்பது போதும்.

5. அப்பா பெயரோடு சேர்த்துச் சொல்லுங்கள்: பாஸ்போர்ட்டில் இனிஷியல் செல்லாது. விரித்து எழுத வேண்டும். வெளிநாட்டில் அப்பா பெயரே குடும்பப் பெயராகிவிடும். ஆஸ்பத்திரியில் குழந்தையை அப்பா பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்! (ஸ்பானிஷ் நாடுகளில் அப்பா வழி ஒன்று, அம்மா வழி ஒன்று என இரண்டு குடும்பப் பெயர் வழக்கம். நம் ஊரிலும் சிலர் இப்போது அம்மா, அப்பா இருவரின் இனிஷியலையும் போடுகிறார்கள்.)

சான்றிதழில் ஏறிவிட்டால்...

அமெரிக்கா மாதிரி அவசரம் நமக்கு இல்லை. பிறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். பெயரை அப்போதே சொல்ல வேண்டும் என்பதில்லை. பதிவான நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் கட்டணம் இல்லாமல் சேர்க்கலாம். அதற்கு மேல் 15 வருடம் வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். அதற்காக 15 வருடம் காத்திருக்காதீர்கள்!

ஏனென்றால் 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்கு, பள்ளியில் சேர, ஆதார் எடுக்க, பாஸ்போர்ட் வாங்க, பிறந்த தேதிக்குப் பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம். அதில் இருக்கிற எழுத்துதான் கடைசி வரைக்கும் கூட வரும். ஒரு முறை ஏறிய பெயரை மாற்ற, அரசிதழ் வரை அலைய வேண்டியிருக்கும்.

இங்கேதான் நியூமராலஜி குறுக்கே வரும். "கூட்டு எண் சரியில்லை, ஒரு ஏ கூடப் போடுங்க, ஒரு ஹெச் சேருங்க" என்பார்கள். நம்பிக்கை உங்கள் விருப்பம். ஆனால் எழுத்தைக் கூட்டுவதாக இருந்தால் சான்றிதழுக்கு முன்பே கூட்டுங்கள். தடுப்பூசி அட்டையில் ஒரு விதம், ஆதாரில் ஒரு விதம், மருத்துவக் காப்பீட்டில் ஒரு விதம் என்று இருந்தால், அவசரத்துக்கு ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது "இது வேற குழந்தை மாதிரி இருக்கே?" என்று கேள்வி வரும். ஒரு சீட்டில் தமிழிலும் ஆங்கிலத்திலும் பெயரை எழுதி பீரோவில் ஒட்டி வையுங்கள். எந்தப் படிவம் வந்தாலும் அதைப் பார்த்தே நிரப்புங்கள்.

பெயரும் ஒரு பரிசோதனை

பெயருக்கும் ஆரோக்கியத்துக்கும் நேரடித் தொடர்பு ஒன்று உண்டு. நாலு, அஞ்சு மாதத்திலேயே குழந்தை தன் பெயரின் ஒலியைப் பிரித்து அறிய ஆரம்பிக்கும். ஒன்பது மாத வாக்கில் பெயர் சொன்னால் திரும்பிப் பார்க்க வேண்டும். டி.வி.யை அணைத்துவிட்டு, பின்னால் நின்று, சாதாரணக் குரலில் கூப்பிட்டுப் பாருங்கள். பல தடவை பார்த்தும் திரும்பவே இல்லை என்றால், "போகப் போகச் சரியாயிடும்" என்று இருந்துவிடாமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். காது கேட்கிறதா என்பதையும் வளர்ச்சியையும் அவர் சோதிப்பார். எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கிறோமோ அவ்வளவு நல்லது.

அம்மா ஒரு பேர், அத்தை ஒரு பேர், தாத்தா ஒரு பேர் என்று நாலு விதமாகக் கூப்பிடுகிற வீட்டில் இந்தச் சோதனை குழப்பும். முதல் வருடமாவது எல்லோரும் ஒரே பெயரைச் சொல்லுங்கள். ஆனால் மொழியைக் குறைக்க வேண்டாம். வீட்டில் தமிழ், வெளியில் ஆங்கிலம், ஸ்பானிஷ் என்று பல மொழி கேட்பதால் பேச்சு தாமதப்படாது. பாட்டி தாராளமாகத் தமிழிலேயே கொஞ்சலாம்!

சரி, அந்தப் பாட்டியின் பேத்திக்கு என்ன பெயர் வைத்தார்கள்? இந்த ஐந்து சோதனையையும் பாட்டியிடம் சொன்னோம். அன்று ராத்திரியே வீடியோ காலில் மகளும் அம்மாவும் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுப் பார்த்தார்களாம். கடைசியில் நின்றது ஒரே பெயர்.

"உமா! நம்ம அம்மனும் பார்வதிதானே, அப்ப உமாவும் அவ பேருதானே தம்பி? ஹாலிவுட்ல உமா தர்மன்னு ஒரு நடிகை இருக்காளாம். அதனால அங்க எல்லாருக்கும் தெரிஞ்ச பேருதானாம். ஸ்பானிஷ் நர்ஸம்மா ஒரு தடவை படிச்சதுமே சரியாச் சொல்லிட்டாங்களாம்."

சொல்லிவிட்டு, போனில் இருந்த படத்தைப் பார்த்து ஒரு முறை கூப்பிட்டார் பாட்டி. நாக்கு தடுக்கவில்லை.