ஆசிரியர் வழி ஆசிரியர்: பேராசிரியர் சதீஷ் தவான்



கல்வி உதவி விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் நாட்களில் பெற்றோர்கள் நம்மிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "பையன் இன்ஜினியரிங் முடித்துவிட்டான். வேலைக்குப் போ என்றால் மேலே படிக்கிறேன், பிஎச்.டி. செய்கிறேன் என்கிறான். இன்னும் ஆறு வருஷம் படித்து என்ன ஆகப்போகிறான்?" கேட்பவர்கள் படிப்பின் அருமை தெரியாதவர்கள் அல்லர். டாக்டராக எத்தனை வருஷம், வக்கீலாக எத்தனை வருஷம் என்று நம் மக்களுக்கு விரல்நுனியில் தெரியும். ஆராய்ச்சி செய்து பேராசிரியராவது எப்படி, அந்த ஆறு வருஷத்தில் என்னதான் நடக்கிறது என்பதை மட்டும் யாரும் எடுத்துச் சொன்னதில்லை. ஆகவே இந்த மாதப் பாடத்தில் ஒரு பேராசிரியரின் வாழ்க்கையை எடுத்துக்கொள்கிறோம்.

பேராசிரியர் சதீஷ் தவான். மர்ஹூம் அப்துல் கலாம் அவர்களின் உரைகளைக் கேட்டவர்களுக்கு இந்தப் பெயர் பழக்கமானது. ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் ஏவுதளம் இன்று இவர் பெயரில்தான் இருக்கிறது. அதனால் இவரை ராக்கெட் நிர்வாகி என்றே பலர் நினைக்கிறார்கள். இவருடைய வாழ்நாளின் பெரும்பகுதி பெங்களூரில் ஒரு கல்விக்கூடத்தில் கழிந்தது.

1920 செப்டம்பர் 25-ல் ஸ்ரீநகரில் பிறந்தவர். லாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் படித்தார். முதலில் கணிதமும் இயற்பியலும் படித்து பி.ஏ. பிறகு ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. அதன்பின் இயந்திரப் பொறியியல். இன்று ஒரு பிள்ளை இப்படி மாறி மாறிப் படித்தால் "இவனுக்கு ஒன்றிலும் நிலையில்லை" என்று வீட்டில் பேச்சு கிளம்பிவிடும். மேற்படிப்புக்கு அமெரிக்கா போனார். 1947-ல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் வானூர்திப் பொறியியலில் முதுகலை. அதே ஆண்டு நாடு பிரிந்தது. அவர் படித்த லாகூர் வேறொரு நாட்டின் ஊராகிவிட்டது. அவர் கலிபோர்னியாவில் உள்ள கால்டெக் நிறுவனத்துக்குப் போய், 1949-ல் ஒரு பட்டமும் 1951-ல் முனைவர் பட்டமும் பெற்றார். பட்டம் கைக்கு வந்தபோது முப்பது வயதாகிவிட்டது.

இந்த முனைவர் பட்டம் என்பது என்ன? நம் மதரஸாக்களில் ஸனது என்றால் என்னவென்று எல்லோருக்கும் தெரியும். இன்னாரிடம் ஓதினேன், அவர் இன்னாரிடம் ஓதினார் என்று அது மேலே போய்க்கொண்டே இருக்கும். வெறும் மதிப்பெண் காகிதத்துக்கு அந்த மதிப்பு கிடையாது. ஆராய்ச்சிப் படிப்பும் ஏறக்குறைய அப்படித்தான். பிஎச்.டி. செய்பவர் ஒரு பாடத்தில் சேர்வதைவிட ஓர் ஆசிரியரிடம் சேர்கிறார் என்று சொல்வதே பொருத்தம்.

தவானின் தொடரைப் பார்ப்போம். 1904-ல் ஜெர்மனியைச் சேர்ந்த லுட்விக் பிராண்டில் ஒரு கருத்தைச் சொன்னார். காற்றில் ஒரு பொருள் விரையும்போது, அதன் மேற்பரப்பை ஒட்டி மிக மெல்லிய காற்றுப் படலம் ஒன்று இருக்கிறது. பொருளைப் பிடித்து இழுக்கும் உரசலெல்லாம் அந்தப் படலத்துக்குள்தான் நடக்கிறது என்பது அந்தக் கருத்து. இதற்கு எல்லைப்படலம் என்று பெயர். வீட்டிலேயே இதைப் பார்க்கலாம். மின்விசிறி அத்தனை வேகமாகச் சுற்றுகிறது, ஆனால் இறக்கையில் தூசி படிந்து கிடக்கிறது. ஏன் பறந்து போகவில்லை? இறக்கையைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்று இறக்கையோடு ஒட்டி அதனுடனேயே சுற்றுகிறது. தூசியின் மேல் காற்றே வீசாததுபோல ஆகிவிடுகிறது.

பிராண்டிலிடம் படித்தவர் ஹங்கேரியில் பிறந்த தியடோர் வான் கார்மான். அவர் கால்டெக்குக்குப் போய் அங்கே வானூர்தி ஆய்வுக்கூடத்தை வளர்த்தார். அவரிடம் 1939-ல் வந்து சேர்ந்தவர் ஹான்ஸ் லீப்மன். இவர் கதை சுவையானது. ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின், பெர்லினில் மருத்துவராக இருந்த இவருடைய தகப்பனார் துருக்கி அரசின் அழைப்பை ஏற்று இஸ்தான்புல் சென்றார். மகனும் இஸ்தான்புல் பல்கலைக்கழகத்தில் படித்து, பின்னர் ஜூரிச்சில் முனைவர் பட்டம் வாங்கி, அமெரிக்கா வந்தார். இந்த லீப்மன்தான் தவானின் ஆசிரியர்.

லீப்மனிடம் தவான் எடுத்துக்கொண்ட வேலை, அந்த உரசலை நேரடியாக அளப்பது. அதுவரை பெரும்பாலும் வேறு அளவுகளிலிருந்து கணக்குப் போட்டுத்தான் கண்டுபிடித்தார்கள். தவான், காற்று பாயும் தகட்டில் ஒரு சிறு துண்டை மட்டும் தனியாக வெட்டி, சுற்றிலும் மயிரிழை இடைவெளி விட்டு, அது அசையும்படி தாங்கிவைத்தார். காற்று அந்தத் துண்டை எவ்வளவு இழுத்து நகர்த்துகிறதோ அதிலிருந்து உரசலின் விசை தெரிந்துவிடும். கேட்க எளிது. ஆனால் இடைவெளியில் காற்று புகுந்தாலோ, துண்டு சற்று மேலெழுந்து நின்றாலோ, கருவி அதிர்ந்தாலோ அளவு பொய்யாகிவிடும். ஒலியைவிடக் குறைந்த வேகத்திலும் கூடிய வேகத்திலும் அதை நம்பும்படி அளந்துகாட்டினார். பெற்றோர் கேட்கும் அந்த வருஷங்கள் இதற்குத்தான் போகின்றன. ஒரு கருவியைச் செய்து, அது ஏன் பொய் சொல்கிறது என்று கண்டுபிடித்து, திருத்தி, மீண்டும் செய்வது. இடையில் வீட்டுக்குப் போன் செய்யும் பிள்ளையிடம் "இன்னும் முடியலையா?" என்று கேட்டால் அவனால் பதில் சொல்ல முடியாது. அது அவன் சோம்பல் என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

1951-ல் தாயகம் திரும்பி, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்தார். ஊர்க்காரர்கள் டாடா இன்ஸ்டிடியூட் என்பார்களே, அதுதான். அங்கே வானூர்தித் துறை 1942-லேயே தொடங்கப்பட்டிருந்தது. அமெரிக்காவில் இருந்த வசதிகளை இங்கே எதிர்பார்க்க முடியாது. அவர் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு, ஒலியைவிட வேகமாகக் காற்றைப் பாய்ச்சும் சோதனைக்கூடம் ஒன்றை இங்கேயே கட்டினார். சிறியதுதான், ஆனால் அந்த வகையில் நாட்டில் முதலாவது. 1955-ல் பேராசிரியரும் துறைத்தலைவருமானார். 1962-ல் கழகத்தின் இயக்குநர். 1981 வரை, 19 ஆண்டுகள்.

இனி மாணவர் பக்கம் வருவோம். சாம்பிராணிப் புகையைக் கவனித்திருப்பீர்கள். காற்றாடாத அறையில் முதலில் நூல்போல நேராக எழும். கொஞ்ச தூரம் போனதும் கலைந்து சுருள் சுருளாகிவிடும். இறக்கையை ஒட்டிய காற்றும் இப்படித்தான் சீராக ஓடி ஓரிடத்தில் குழம்புகிறது. அந்த மாற்றம் நிகழும் பகுதியில் ஒரு கணம் சீராகவும் மறு கணம் குழப்பமாகவும் ஓட்டம் மாறி மாறி வரும். இதற்கு ஓர் ஒழுங்கு உண்டென்று காட்டி தவானும் அவருடைய மாணவர் ரொத்தம் நரசிம்மாவும் 1958-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அந்த மாணவருக்கு அப்போது இருபத்தைந்து வயதுகூட நிரம்பியிருக்காது. பிறகு நரசிம்மா, தம் ஆசிரியரின் ஆசிரியரான அதே லீப்மனிடம் போய் 1961-ல் முனைவர் பட்டம் பெற்றார். பெங்களூருக்கே திரும்பி வந்து ஆசிரியரானார். 1984 முதல் தேசிய வானூர்தி ஆய்வகத்தின் இயக்குநராகவும் இருந்தார். தொடர் அறுபடாமல் இப்படித்தான் போகிறது.

1971 டிசம்பர் 30-ல் விக்ரம் சாராபாய் காலமானபோது, தவான் விடுப்பில் கால்டெக்கில் இருந்தார். பிரதமர் இந்திரா காந்தி விண்வெளித் துறையை ஏற்கும்படி கேட்டார். எவ்வளவு பெரிய பதவி! அவரோ, அறிவியல் கழகத்தின் இயக்குநராகவும் தொடர வேண்டும், விண்வெளித் துறையின் தலைமையகம் பெங்களூரில் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். இரண்டுக்கும் சம்மதம் கிடைத்தபின் 1972-ல் பொறுப்பேற்று 1984 வரை இருந்தார். கல்விக்கூடத்தை விடமாட்டேன் என்ற அந்தப் பிடிவாதம்தான் இவர் வாழ்க்கையில் நமக்கு மிகவும் பிடித்த பகுதி. அவர் காலத்தில்தான் 1974-ல், கிராம மக்களுக்கான தொழில்நுட்பத்தை ஆராய அஸ்த்ரா என்ற பிரிவு அந்தக் கழகத்தில் தொடங்கப்பட்டது. விறகு குறைவாகச் செலவாகும் அடுப்பு அதில் உருவானது. ராக்கெட்டுக்குத் தலைமை தாங்கியவரின் நிறுவனத்தில் அடுப்பு ஆராய்ச்சி!

கலாம் அவர்கள் பல மேடைகளில் சொன்ன நிகழ்ச்சி நம்மில் பலருக்கு மனப்பாடம். 1979 ஆகஸ்ட் 10-ல் எஸ்.எல்.வி-3 கடலில் விழுந்தது. திட்ட இயக்குநர் கலாம். பத்திரிகையாளர்கள் முன் தவான் தாமே போய் உட்கார்ந்து பொறுப்பை ஏற்றார். 1980 ஜூலை 18-ல் அதே ராக்கெட் 35 கிலோ எடையுள்ள ரோகிணியைச் சுற்றுப்பாதையில் நிறுத்தியபோது, பத்திரிகையாளர்களைச் சந்திக்கக் கலாமை அனுப்பினார். இதைத் தலைமைப் பண்புக்கு உதாரணமாகச் சொல்வது வழக்கம். நமக்கு இது ஓர் ஆசிரியரின் பழக்கமாகவே தெரிகிறது. ஆய்வுக்கூடத்தில் மாணவனின் கருவி பழுதானால் பதில் சொல்வது ஆசிரியர். கட்டுரை வெளிவந்தால் அதில் மாணவன் பெயர் இருக்கும்.

ஓய்வுக்குப் பின்னும் அவர் சும்மா இருக்கவில்லை. பறவைகள் எப்படிப் பறக்கின்றன என்று எழுதிய நூலை இந்திய அறிவியல் அகாடமி 1991-ல் வெளியிட்டது. ஏவுதளத்தை ஒட்டிய பழவேற்காடு ஏரிக்கு நாரைகளும் பூநாரைகளும் கூட்டம் கூட்டமாக வருவதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். 2002 ஜனவரி 3-ல் தவான் காலமானார்.

எல்லோரும் தவான் ஆகிவிட முடியாது. பேராசிரியர் இடங்களும் குறைவு. பல தனியார் கல்லூரிகளில் சம்பளம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை என்பதையும் மறைக்க விரும்பவில்லை. ஆனால் "ஆறு வருஷம் நாங்கள்தான் செலவழிக்க வேண்டுமா?" என்ற பயம் பாதிக்கு மேல் தேவையற்றது. கேட் தேர்வில் தகுதி பெற்று அங்கீகாரம் பெற்ற இடத்தில் எம்.டெக். சேர்ந்தால், இப்போதைய விதிப்படி மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. ஐ.ஐ.டி., அறிவியல் கழகம் போன்ற இடங்களில் பிஎச்.டி. செய்வோருக்கு முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், அதன்பின் 42,000 ரூபாய். நல்ல கேட் மதிப்பெண் இருந்தால் பி.இ. முடித்தவர்கள் நேரடியாகவே பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்க வழி இருக்கிறது. பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக எம்.இ. போதும், இணைப் பேராசிரியர் ஆக வேண்டுமானால் பிஎச்.டி. கட்டாயம். பெண் பிள்ளைகளுக்கும் இதே தேர்வு, இதே தொகைதான். இடம் கேட்கும் முன் பிள்ளை கவனிக்க வேண்டியது, எந்த ஆசிரியரிடம் சேரப்போகிறோம், அவர் மாணவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்பது. கல்லூரியின் பெயருக்கு அடுத்துத்தான் அது என்று நினைத்துவிடக் கூடாது.

கேட் தேர்வு பிப்ரவரியில் நடக்கும். விண்ணப்பம் வழக்கமாக ஆகஸ்ட் கடைசி அல்லது செப்டம்பரில் திறக்கும். இறுதியாண்டு மாணவர்களும், மூன்றாம் ஆண்டில் இருப்பவர்களும் எழுதலாம். விண்ணப்பம் நிரப்ப உதவி தேவைப்படுவோர் பிள்ளையின் மதிப்பெண் பட்டியல்களுடன் அஸருக்குப் பிறகு நம் அலுவலகத்துக்கு வரலாம். முடிந்தால் வாப்பாவோ உம்மாவோ கூட வரட்டும்.