மீள்பட்டைப் பயிற்சி: அளவறிந்து இழுப்போம்

திருவனந்தபுரத்தின் தம்பானூரில் ரயில் நிலையமும் பேருந்து நிலையமும் எதிரெதிரே அமைந்துள்ளன. நாகர்கோவில், மதுரை, சென்னை முதலிய ஊர்களிலிருந்து விளையாட்டுப் போட்டிகளுக்காக வரும் இளைஞர்கள் இங்கு இறங்கித்தான் நகருக்குள் செல்கின்றனர். பாளையத்தில் சந்திரசேகரன் நாயர் அரங்கமும், வெள்ளயம்பலத்தில் ஜிம்மி ஜார்ஜ் உள்ளரங்கமும் உள்ளன. காரியவட்டத்தில், 1985-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட லட்சுமிபாய் தேசிய உடற்கல்விக் கல்லூரி இயங்கி வருகிறது.

பயணமும் போட்டியும் தொடரும் வாரங்களில் வலிமைப் பயிற்சி தடைபடுவது இயல்பு. இரும்பு எடைகளை ரயிலில் சுமந்து செல்ல இயலாது. ஆனால் 'ரெசிஸ்டன்ஸ் பேண்ட்' எனப்படும் மீள்பட்டை, பயணப்பையின் ஓரத்தில் அடங்கிவிடும். வழக்கமான எடைப் பயிற்சிக்கு நிகரான வலிமையை மீள்பட்டைப் பயிற்சியும் தரக்கூடும் என்று 2019-இல் வெளிவந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு தெரிவித்தது. எனினும், இதில் ஒரு சிக்கல் உண்டு. இரும்புத் தட்டில் அதன் எடை பொறிக்கப்பட்டிருக்கும். பட்டையில் நிறம் மட்டுமே இருக்கும். அந்த நிறங்களும் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். எவ்வளவு சுமையை இழுக்கிறோம் என்பதை அறியாமல் பயிற்சி செய்பவர் முன்னேற்றமின்றித் தேங்கக்கூடும். அளவை மீறிக் காயமுறவும் கூடும்.

இரும்பும் ரப்பரும்

பார்பெல்லைத் தோளில் தாங்கி உட்கார்ந்து எழும்போது, தொடக்கம் முதல் இறுதி வரை அதன் எடை மாறுவதில்லை. மீள்பட்டையோ நீள நீளக் கனக்கிறது. மீள்தன்மையுள்ள பொருளில் நீட்சி கூடினால் விசையும் கூடும் என்பதை ராபர்ட் ஹூக் 17-ஆம் நூற்றாண்டிலேயே எடுத்துரைத்தார். ரப்பர் இந்த விதியை ஏறத்தாழவே பின்பற்றுகிறது என்றாலும், பயிற்சிக்கு அதுவே போதுமானது.

உட்கார்ந்து எழும் பயிற்சியில் கீழ்நிலையே கடினமானது. நிமிரும்போது கால்களுக்கு எளிதாகிறது. காலடியில் மிதித்த பட்டையோ நிமிரும்போதுதான் அதிகம் இழுக்கிறது. எனவே அசைவின் இறுதி வரை தசை முயன்றாக வேண்டும். தோளின் சிறு தசைகளுக்கான பயிற்சியில் நிலைமை வேறு. அங்கே கனமான பட்டையைத் தேர்ந்தால், கை முழுத் தொலைவு செல்லாமல் பாதியிலேயே நின்றுவிடும். அத்தகைய பயிற்சிகளுக்கு மெல்லிய பட்டையே ஏற்றது.

நீளமே சுமை

பட்டையின் விசையை முடிவு செய்வது, அதன் இயல்பு நீளத்தில் எத்தனை விழுக்காடு நீட்டப்பட்டது என்பதே. 1 மீட்டர் பட்டையை 50 சென்டிமீட்டர் இழுத்தால் நீட்சி 50 விழுக்காடு. அதே பட்டையின் நடுவில் பிடித்து, 50 சென்டிமீட்டர் பகுதியை மட்டும் அதே தொலைவு இழுத்தால் நீட்சி 100 விழுக்காடு. பட்டையும் கையின் அசைவும் மாறவில்லை. சுமை மட்டும் வெகுவாகக் கூடிவிட்டது. தூணில் கட்டிய பட்டையிலிருந்து ஓரடி பின்னே நின்றாலும் இதுவே நிகழும்.

அளந்தறியும் வழி

பயணப்பையின் எடை பார்க்கும் சிறு கைத்தராசு இதற்குப் போதும். பட்டையின் ஒரு முனையை உறுதியான தூணில் கட்டி, மறுமுனையைத் தராசின் கொக்கியில் மாட்டுக. முகத்தைப் பட்டையின் நேர்கோட்டிலிருந்து விலக்கி வைத்துக்கொண்டு, இயல்பு நீளத்தின் ஒன்றரை மடங்குக்கும் பின்னர் இரண்டு மடங்குக்கும் மெதுவாக இழுத்து, தராசு காட்டும் கிலோ அளவுகளைக் குறித்துக்கொள்க. நிற்கும் இடத்தைத் தரையில் ஒட்டுநாடாவால் அடையாளமிடுக. மாதம் ஒருமுறை மீண்டும் அளக்க வேண்டும். அளவு குறைந்திருந்தால் ரப்பர் தளர்ந்துவிட்டது என்று பொருள்.

ஓர் எளிய பயிற்சித் திட்டம்

பத்து நிமிடங்கள் உடலைச் சூடேற்றிய பின் பின்வரும் ஐந்தையும் செய்யலாம்.

1. முழங்காலுக்குச் சற்று மேலே சிறு வளையப் பட்டை அணிந்து பக்கவாட்டில் நடத்தல்: இடுப்புத் தசைகளுக்கு.
2. பட்டையை மிதித்து, மறுமுனையைத் தோளில் தாங்கி, உட்கார்ந்து எழுதல்: தொடைக்கு.
3. தூணில் கட்டிய பட்டையை வயிற்றை நோக்கி இழுத்தல்: முதுகுக்கு.
4. பக்கவாட்டில் கட்டிய பட்டையை மார்பின் முன் நீட்டி, உடல் திரும்பாமல் நிற்றல்: வயிற்றுத் தசைகளுக்கு.
5. முழங்கையை விலாவோடு ஒட்டி, முன்கையை வெளிப்புறம் திருப்புதல்: தோளுக்கு.

ஒவ்வொன்றையும் 8 முதல் 15 தடவை, இரண்டு அல்லது மூன்று சுற்றுகள் செய்க. நான்காவதில் மட்டும், ஒரு தடவை என்பது கைகளை நீட்டி மூன்று விநாடி நிறுத்தி மீள்வதாகும். சுற்றுகளுக்கிடையே 60 முதல் 90 விநாடி ஓய்வு தேவை. இழுத்த பட்டையைச் சடாரென விடாமல், மூன்று விநாடி எண்ணித் திரும்பவிடுதல் முக்கியம். பந்தை ஓங்கி அடித்த கையைத் தடுத்து நிறுத்துவது தோளின் பின்புறத் தசைகளே. ஆகையால் ஜிம்மி ஜார்ஜ் புகழ் சேர்த்த கைப்பந்தாட்டம் போன்ற விளையாட்டுகளில் ஐந்தாவது பயிற்சியைத் தவிர்க்கலாகாது.

வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள், இடையே ஒருநாளேனும் இடைவெளி விட்டுச் செய்தல் நலம். போட்டி வாரத்தில் சுற்றுகளைக் குறைத்து, ஓரிரு நாளோடு நிறுத்திக்கொள்ளலாம். எல்லாச் சுற்றுகளிலும் 15 தடவையைச் சீராக இருமுறை முடித்த பின்னரே, ஒரு சாண் பின்னே செல்லலாம் அல்லது அடுத்த பட்டைக்கு மாறலாம். இரண்டையும் ஒருங்கே செய்தல் தகாது.

எல்லைகளும் எச்சரிக்கைகளும்

பளுதூக்குவோர், குண்டு எறிவோர் போன்றோருக்குத் தேவையான உச்ச வலிமையைப் பட்டை மட்டும் தந்துவிடாது. அவர்கள் இரும்பையும் நாட வேண்டும். கூர்மையான வலியோ வீக்கமோ தோன்றினால் பயிற்சியை நிறுத்தி மருத்துவரை அணுகுக.

கேரளத்திலும், குமரி மாவட்டத்தின் குலசேகரம், கீரிப்பாறைப் பகுதிகளிலும் வடிக்கப்படும் ரப்பர் பாலைப் போன்ற இயற்கைப் பாலிலிருந்தே பல பட்டைகள் உருவாகின்றன. வெயிலும் வெப்பமும் அவற்றை வெடிக்கச் செய்யும். மொட்டைமாடிக் கொடியில் காயவிடாமல், வியர்வையைத் துடைத்து நிழலில் வைக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கீறல் உண்டா என்று பார்த்து, சிறு கீறலாயினும் பட்டையை அகற்றிவிடுக; அறுந்து தெறிக்கும் பட்டை கண்ணைப் பாதிக்கக்கூடும். இயல்பு நீளத்தின் இரண்டரை மடங்குக்கு மேல் இழுக்க வேண்டாம். ரப்பர் பால் ஒவ்வாதவர்கள் அது கலவாத பட்டையைக் கேட்டு வாங்கலாம்.

தேதி, பட்டையின் நிறம், நின்ற தொலைவு, தடவைகள் ஆகிய நான்கையும் ஒரு சிறு குறிப்பேட்டில் நாள்தோறும் பதிந்து வருக. ஊர் மாறினாலும் பயிற்றுநர் உடன் வராவிட்டாலும், விட்ட இடத்திலிருந்து பயிற்சியைத் தொடர அக்குறிப்பேடு துணைநிற்கும்.