குளத்தை எப்போது மூடுவது?

அன்புள்ள தம்பிக்கு,

பள்ளி விடுமுறை முடிந்து ஹோம்ஸ்டேக்கு ஆள் வரத்து குறைந்துவிட்டது, நீச்சல் குளத்தை இரண்டு மூன்று மாதத்துக்கு மூடி வைக்கலாமா என்று கேட்டிருந்தாய். கனடாக்காரர் ஒருவர் தன் குளத்தை மூடுகிற வீடியோவையும் அனுப்பியிருந்தாய். பார்த்தேன். அவருக்கு அது சரி, உனக்கு ஒத்துவராது.

அவர் காத்திருப்பது குளிருக்காக. நீரின் வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே இறங்கிவிட்டால் பாசி வளர்வது அநேகமாக நின்றுவிடும். அதன் பிறகு மூடினால், குழாய்களில் தண்ணீர் உறைந்து வெடிக்காமல் பார்த்துக்கொள்வதுதான் பெரிய வேலை. நம் பாகான் செராயில் குளத்துத் தண்ணீர் வருடம் முழுக்க 28, 30 டிகிரி. பம்பை நிறுத்திச் சில நாளிலேயே பச்சை பிடித்துவிடும். மேலே கேன்வாஸ் போட்டால் மழையில் அதன் நடுப்பகுதி தொய்ந்து தண்ணீர் தேங்கும். ஒரு வாரம் கழித்துக் குனிந்து பார், நெளிந்து நெளிந்து மேலே வந்து மூச்சு வாங்கிவிட்டுக் கீழே போகும் புழுக்கள் தெரியும். முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஏடிசுக்கு 7 முதல் 10 நாள் போதும். டிங்கி சோதனைக்கு வருகிறவர்கள் 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி வீட்டுக்காரனுக்குத்தான் அபராதம் எழுதுவார்கள். வீட்டில் ஆள் இல்லை என்று சொல்லித் தப்ப முடியாது.

அப்படியானால் காலி செய்துவிடலாமே என்பாய். அங்கேதான் ஆபத்து.

உன் குளம் 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம். அடிப்பரப்பு 32 சதுர மீட்டர். 1.2 மீட்டர் ஆழத்துக்கு நிரம்பியிருக்கும்போது உள்ளே சுமார் 38 டன் தண்ணீர் தொட்டியை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறது. நிலத்தடி நீர் குளத்தின் அடிமட்டத்துக்கு மேல் அரை மீட்டர் நின்றாலே, கீழிருந்து 16 டன் விசையோடு தூக்கும். ஃபைபர் தொட்டியின் எடையோ ஒன்றிரண்டு டன்தான். உள்ளே இருப்பதை இறைத்துவிட்டால் தொட்டி படகைப்போல மிதக்கப் பார்க்கும். குழாய்கள் முறியும், சுற்றுத்தரை பிளக்கும். கான்கிரீட் குளத்துக்கும் இந்தப் பயம் உண்டு.

நம் பக்கத்து மண் தாழ்வான கடலோரக் களிமண், வேலிக்கு அப்பால் வயல். வயலில் தண்ணீர் கட்டியிருக்கிற மாதங்களில் உன் முற்றத்துக்கு அடியிலும் தண்ணீர் ஏறியே நிற்கும். ஏப்ரல், மே மழையிலும், அக்டோபர், நவம்பர் மழையிலும் கேட்கவே வேண்டாம். ஆகவே காலண்டரைப் பார்க்காதே, கதிரைப் பார். நெல் பழுத்து, அறுவடை இயந்திரம் சேற்றில் புதையாமல் இருக்க வயல்காரர்கள் தண்ணீரை வடிய விடுகிறார்களே, அதற்குப் பிறகுதான் காலி செய்வதைப் பற்றி யோசிக்கலாம். அப்போதும் கண்ணை மட்டும் நம்பாதே. பக்கவாட்டில் துளையிட்ட பிவிசி குழாய் ஒன்றைக் குளத்தோரமாக, குளத்தின் அடிமட்டம்வரை இறங்கும்படி புதைத்து வை. துளைகளில் களிமண் அடைக்காமல் வலைத்துணி சுற்று. கயிற்று நுனியில் ஒரு நட்டைக் கட்டி உள்ளே இறக்கு. நனைந்து வந்தால் குளத்தில் கைவைக்காதே.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 1906-இல் கட்டி முடித்த புக்கிட் மேரா ஏரிதான் கிரியான் வயல்களுக்கும் தண்ணீர் தருகிறது, நம் குழாய்க்கும் தருகிறது. 2016 வறட்சியில் அந்த ஏரி எப்படி வற்றிப்போனது என்று உன் அப்பாவைக் கேள். காலி செய்ய வசதியான வறண்ட காலம், 38 டன் தண்ணீரைத் திருப்பி நிரப்புவதற்கு ஏற்ற காலமே அல்ல. மழை திரும்பும்வரை தொட்டி வெயிலில் வெறுமையாகக் காயும். ஃபைபருக்கு அது கெடுதல்.

அதனால் நான் சொல்வது, விரிசல், பழுது என்று கட்டாயம் வந்தால் ஒழியக் காலி செய்யாதே. குறைவாக ஓட்டு. குளிக்க ஆள் இல்லாதபோது பம்பு தினமும் நாலு மணி நேரம் ஓடினால் போதும்; பச்சை தட்டுகிற மாதிரி தெரிந்தால் கூட்டிக்கொள். ஒரு குதிரைத்திறன் மோட்டாருக்கு மாதம் சுமார் 120 யூனிட் ஆகும், ஓர் அறையில் இரவெல்லாம் ஏர்கோன் ஓட்டுகிற செலவைவிடக் கூடாது. குளோரினை அந்தி சாய்ந்து போடு. பகலில் போட்டால் பாதியை வெயில் தின்றுவிடும். சோதனைப் பட்டையில் குளோரின் 1-க்கும் 3-க்கும் நடுவில், பிஎச் 7.2-க்கும் 7.6-க்கும் நடுவில் நிற்கட்டும். பெருமழைக்கு மறுநாள் கட்டாயம் சோதி.

மூட வேண்டியது வேலிக் கதவை. விருந்தாளி இல்லாத வீட்டில் பக்கத்துப் பிள்ளைகள் பந்து பொறுக்க உள்ளே வருவார்கள். பூட்டுப் போடு, சாவியை ஆணியில் தொங்கவிடாதே.

பிவிசி குழாயை இந்த வாரமே புதைத்துவிடு. வயலில் இப்போது தண்ணீர் நிற்கிறது. கயிறு எத்தனை முழம் நனைகிறது என்று எனக்கு எழுது.

அன்புடன்,
பெரியப்பா