கரிசல் நிலத்து விருந்தினர்

பறவைகளுக்குத் தானியம் இறைத்தலும், வேனிற்காலத்தில் நீர் வைத்தலும் நம் இல்லங்களில் வழிவழியாக நடந்துவரும் அறச்செயல்கள். புறாவும் சிட்டும் அவற்றால் பயன்பெறுகின்றன. ஆயின், நாம் தரும் தானியத்தை வேண்டாத பறவைகளும் உள. அவற்றுக்கு நாம் செய்யத்தக்க அறம் யாது? கரிசல் நிலத்துப் பறவை ஒன்றைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

கோவில்பட்டிக்கு மேற்கே சுமார் 20 கி.மீ. தொலைவிலுள்ள கழுகுமலையில், பாண்டியர் காலத்துத் தீர்த்தங்கரர் திருவுருவங்களை வணங்கச் சென்றோர் சுற்றிலும் பரந்த கரிசற்காட்டைக் கண்டிருப்பர். உளுந்து, பாசி, பருத்தி, மக்காச்சோளம் ஆகியவை மானாவாரியாக விளையும் நிலம் அது. இடையிடையே புல் மட்டுமே வளர்ந்த வெளிகள் உண்டு. அரசுக் கணக்கில் பெரும்பாலும் இவை 'தரிசு' எனப்படும்.

இத்தகைய வெளிகளை நாடியே, கசகஸ்தான் முதலிய மத்திய ஆசிய நாடுகளின் புல்வெளிகளிலிருந்து பூனைப்பருந்துகள் வலசை வருகின்றன. புரட்டாசி, ஐப்பசியில் வந்து பங்குனி வாக்கில் திரும்பும். சிறகுகளைச் சற்றே மேல்நோக்கி உயர்த்தி, பயிருக்கு மேல் தாழப் பறந்து இரை தேடும். ஆண் வெளிர்சாம்பல் நிறம். பெண் பழுப்பு நிறம், வாலடியில் வெள்ளைப் பட்டை. வெட்டுக்கிளிகளை மிகுதியாக உண்பதால் உழவர்க்கும் துணையாகிறது. பிற பருந்துகள் மரத்தில் உறங்க, இதுவோ மாலையில் கூட்டமாகக் கூடிப் புல்லிடையே தரையில் உறங்குகிறது.

சென்ற ஆண்டு தைத்திங்களில் சில குடும்பங்களுடன் அவ்வழியே சென்றிருந்தோம். அந்திப்பொழுதில் பூனைப்பருந்துகள் ஒவ்வொன்றாக இறங்கக் கண்டோம். பிள்ளைகளுக்கு அருகிற் காட்டும் ஆர்வத்தால் நாமே அவர்களைப் புல்லுக்குள் அழைத்துச் சென்றோம். இறங்கிய பறவைகள் யாவும் எழுந்து, இருள் கவியும்வரை வட்டமிட்டன. அன்றிரவு அவை எங்கு உறங்கினவோ, அறியோம். முன்னே நான்கு முழம் நிலத்தை நோக்கி நடக்கும் முனிவர்தம் ஈர்யா சமிதியைப் பலமுறை பாடமாகச் சொன்ன நாம், அதனைக் காலடியில் மறந்தோம்.

உடன் வந்தோர் சிலர், "இத்தரிசில் மரம் நட்டால் புண்ணியமாகுமே" என்றனர். எண்ணம் நல்லதே. ஆயின், புல்வெளி மரக்காடானால் பூனைப்பருந்துக்கு உறைவிடம் இல்லை. கௌதாரி, காடை, வானம்பாடி, ஆள்காட்டி ஆகியவை முட்டையிடுவதும் தரையிலேதான்.

ஏட்ரீ ஆய்வு நிறுவனத்தார் இந்தியாவின் பல இடங்களில் எடுத்த இரவுத்தங்கற் கணக்குகளைத் தொகுத்து 2018-இல் வெளியிட்டனர். முப்பது ஆண்டுகளில் இப்பறவைகள் குறைந்துவருவதை அத்தொகுப்பு காட்டுகிறது. புல்வெளி உழப்படுதல், சீமைக்கருவேலம் படர்தல், கட்டடமும் மின்திட்டமும் பெருகுதல் ஆகியவற்றால் தங்குமிடம் சுருங்குகிறது.

"ஊனுண்ணும் பறவையைக் காத்தல் கொல்லாமைக்கு ஒவ்வுமா?" எனப் பிள்ளை ஒருவன் வினவினான். தில்லி செங்கோட்டைக்கு எதிரேயுள்ள ஜைன லால் மந்திரின் பறவை மருத்துவமனையை விடையாகக் கூறினோம். அங்கு ஊனுண்ணும் பறவைகளை மற்றவற்றுடன் தங்கவைப்பதில்லை. எனினும் சிகிச்சை அளித்து அனுப்புகின்றனர். உணவு அதன் பிறவியியல்பு. ஊறு செய்யாமை நம் விரதம்.

குழுவாகச் செல்வோர் பின்வருவனவற்றைக் கைக்கொள்க:

1. பாதையை விட்டுப் புல்லுக்குள் இறங்கற்க. தொலைநோக்கியால் காண்க.
2. அந்தியில் தங்குமிடத்தைத் தொலைவில் நின்றே நோக்குக. விளக்கொளியும் உரத்த குரலும் வேண்டா.
3. காய்ந்த புல்லுக்குத் தீ வையாதிருக்க அவ்வூராரிடம் பணிவுடன் எடுத்துரைக்க.
4. மரம் நடுமுன், அவ்விடம் புல்வெளியா என ஆராய்க.
5. 2015 முதல் பொங்கலையொட்டித் தமிழகமெங்கும் நடைபெறும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் பிள்ளைகளுடன் பங்குகொள்க. 15 நிமிடங்களேனும் நோக்கி, கண்டவற்றை எண்ணி, இ-பேர்ட் தளத்தில் பதிவு செய்யலாம்.

தானியம் கொடுத்தல் அறம். உறங்கும் உயிருக்கு அதன் இடத்தை விட்டுக்கொடுத்து விலகி நிற்றலும் அறமே. வரும் தையில் நாம் பாதையிலேயே நிற்போமாக.