கப்பா, தராசா? காஞ்சிபுரம் இட்லிக்குத் தயிர் அளக்கும் கணக்கு

வரதராஜப் பெருமாள் கோயில் இட்லியை வீட்டில் செய்து பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு மிளகு, சீரகம், சுக்கு, மந்தாரை இலை எல்லாம் எப்படியோ கிடைத்துவிடும். இடறுவது தயிரில்தான். பாட்டியின் குறிப்பு ஆழாக்கில் இருக்கும், யூடியூப் சமையல்காரர் கப்பில் சொல்வார், கடைப் பாக்கெட்டில் கிராம் அச்சிட்டிருக்கும்.

தயிரின் எடைக் கணக்கு உண்மையில் சுலபம். தண்ணீரைவிடக் கொஞ்சம்தான் கனம்: 100 மில்லி தயிர் சுமார் 103 கிராம். மில்லியும் கிராமும் ஒன்றே என்று வைத்துக்கொண்டாலும் குடி முழுகாது. வம்பு பாத்திரத்தில் இருக்கிறது. ஆழாக்கு 168 மில்லி, அமெரிக்கக் கப் 237, நம் கடைகளில் விற்கும் அளவுக் கப் 240 அல்லது 250. டம்ளர் வீட்டுக்கு வீடு வேறு. ஒரு ஆழாக்குத் தயிர் 173 கிராம் என்றால், 240 மில்லி கப்பில் 247 கிராம். கப் அரிசி 200 கிராம் என்ற பழக்கத்தில் தயிரையும் 200 என்று போட்டுவிடாதீர்கள்.

இட்லிக்கு என் ஓட்டு கப்புக்கே. அரிசி, உளுந்து, தயிர் மூன்றையும் ஒரே பாத்திரத்தில் அளந்தால் விகிதம் தானாக நிற்கும். அது ஆழாக்கா, டம்ளரா என்ற கேள்வியே எழாது. அரிசியைக் கிலோவில் நிறுத்துவிட்டுத் தயிரை மட்டும் கப்பில் ஊற்றினால்தான் மாவு நீர்த்துப்போகும். இன்னொன்று, உறைந்த தயிரைக் கரண்டியால் வெட்டிக் கப்பில் போடாதீர்கள். கட்டிகளுக்கு நடுவே காற்று நிற்கும், கப் நிறைந்தாற்போலத் தெரியும், தயிர் குறையும். முதலில் மத்தால் ஒரு சுற்றுக் கடைந்து, கட்டி உடைந்த பிறகு ஊற்றுங்கள்.

கேக் சுடுபவர்களும், விசேஷத்துக்கு ஐம்பது பேருக்குச் சமைப்பவர்களும் தராசைத் தேடுவதே நல்லது. ஒரு கப்பில் 10 மில்லி பிசகினால் தெரியாது, இருபது கப்பில் அது ஒரு ஆழாக்கைத் தாண்டிவிடும்.

துணியில் கட்டித் தொங்கவிட்ட தயிருக்கும் தராசுதான், ஆனால் அங்கே வேறொரு பொறி இருக்கிறது. ஒரு கிலோ தயிரை இரவு முழுக்கத் தொங்கவிட்டால் நீர் வடிந்து பாதி போல ஆகிவிடும். வடிந்த நீரின் கனமும் தயிரின் கனமும் கிட்டத்தட்ட ஒன்று என்பதால், ஒரு கப் கெட்டித் தயிரும் ஒரு கப் சாதாரணத் தயிரும் தராசில் பெரிய வித்தியாசம் காட்டாது. உள்ளே இருக்கும் நீரில்தான் மலையளவு வேறுபாடு. எடை சரியாக இருக்கிறதே என்று ஒன்றுக்கு மற்றொன்றைப் போட்டால் ஶ்ரீகண்ட் பாயசமாகிவிடும்.

தராசு இல்லாதவர்களுக்கு 500 கிராம் பாக்கெட்டே போதும். கடைந்து ஊற்றினால் 240 மில்லி கப்பில் இரண்டு கப் தளும்பத் தளும்ப வரும். அப்படி வராவிட்டால் உங்கள் கப்பின் அளவைத்தான் சந்தேகிக்க வேண்டும். மோர்க்குழம்புக்கு இந்தப் பாடெல்லாம் வேண்டாம், புளிப்பை நாக்கில் வைத்துப் பார்த்து ஊற்றிக்கொள்ளலாம்.