கூட்டுறவு சங்கத் தேர்தல்: போட்டி இல்லாதபோது கவனிக்க வேண்டியவை

பயிர்க்கடன், உரம், நகைக்கடன் என்று சிறு விவசாயி ஆண்டு முழுதும் நாடுவது தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு சங்கத்தையே. ஆயினும் நிர்வாகக் குழுத் தேர்தல் வந்தால், 'நமக்கேன் வம்பு' என்று பலரும் வயலுக்குப் போய்விடுகின்றனர். மாலையில் திரும்பும்போது, 'அனைவரும் போட்டியின்றித் தேர்வு' என்று அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டியிருக்கும்.

போட்டியின்றித் தேர்வாவது சட்டப்படி செல்லும். தகுதியான மனுக்கள் இடங்களுக்கு மேற்படாவிட்டால் வாக்குப்பதிவு தேவையில்லை. இதைச் சிலர் 'ஏகமனதாகத் தேர்வு' என்று எழுதுவது தவறு. ஏகமனது என்றால் உறுப்பினர் கூடிச் சம்மதித்திருக்க வேண்டும். இங்கு எவரையும் கேட்கவில்லை. வேறு மனு நிற்கவில்லை, அவ்வளவே.

ஏன் நிற்கவில்லை என்பதே கேள்வி. 2018-ல் நடந்த தமிழ்நாட்டுக் கூட்டுறவு சங்கத் தேர்தலில், மனுக்களை வாங்கவில்லை, காரணமின்றித் தள்ளினார்கள் என்று புகார்கள் எழுந்து, வழக்குகள் உயர் நீதிமன்றம் வரை சென்றன. ஆகவே மனுத் தாக்கல், பரிசீலனை, வாபஸ் ஆகிய நாட்களில் சங்கத்திற்கு நேரில் செல்லுங்கள். மனு கொடுத்தால் ரசீது கேட்டு வாங்குங்கள். மனுவைத் தள்ளினால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கடன் தவணை தவறியவர் குழுவில் இடம்பெற முடியாது. பாக்கியை முன்கூட்டியே கட்டி ரசீதைப் பத்திரப்படுத்துவது நல்லது. வெற்றுத் தாளில் மட்டும் கையெழுத்துப் போடவே கூடாது. அதுவே வாபஸ் கடிதமாகிவிடலாம்!

இடங்களை இனவாரியாக எண்ண வேண்டும். ஒரு சங்கத்தில் 11 இடங்கள் என்று வைத்துக்கொள்வோம்: பொது 6, பெண்கள் 3, ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் 2. நின்ற மனுக்கள் முறையே 6, 2, 4. பொது இடங்கள் ஆறும் போட்டியின்றி நிரம்பும். பெண்கள் இருவர் தேர்வாகி, ஓர் இடம் காலியாக நிற்கும். கடைசி 2 இடங்களுக்கு வாக்குப்பதிவு நடந்தாக வேண்டும். காலியான பெண்கள் இடத்தில் வேண்டிய ஆண் ஒருவரை உட்காரவைக்க முடியாது.

குழுவினர் போட்டியின்றி வந்துவிட்டால் தலைவரும் தானாக வந்துவிடுவதில்லை. தலைவர், துணைத் தலைவர் தேர்தலைக் குழு உறுப்பினர்களுக்குள் தனியே நடத்த வேண்டும்.

தேர்தலில் தவறு நடந்ததாகக் கருதினால், 1983-ஆம் ஆண்டுக் கூட்டுறவு சங்கச் சட்டத்தின் 90-வது பிரிவுப்படி தாவா தொடுக்கலாம். இதற்குக் காலக்கெடு உண்டு. டீக்கடையில் பேசிக்கொண்டிருந்தால் நாள் கடந்துவிடும்.

பதிவு பெற்ற உழவர் மன்றங்களில் முறை வேறு. அவரவர் துணை விதிகளே வழி. அங்கும் ஒரே பெயர் வந்தால், 'வேறு பெயர் உண்டா?' என்று கூட்டத்தில் உரக்கக் கேட்டு, எவரும் சொல்லவில்லை என்பதையும், வந்திருந்தோர் எண்ணிக்கையையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதிய பிறகே அறிவிக்கலாம். புதிய நிர்வாகிகள் பட்டியலை மாவட்டப் பதிவாளர் அலுவலகத்திற்கு அனுப்பவும் வேண்டும்.