பழைய கணக்கின் பூட்டு

அன்புள்ள தம்பிக்கு,

கம்ப்யூட்டர் சர்வீஸ் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உன்னிடம் திருநெல்வேலி வீடுகளிலிருந்து ஒரு வேலை திரும்பத் திரும்ப வரும். முன்பு பயன்படுத்தியவரின் ஃபைல்கள் பூட்டிக் கிடக்கின்றன, அழித்துத் தா என்பார்கள். 2011-இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அக்காவுக்குக் கிடைத்தது தம்பிக்குக் கைமாறியிருக்கலாம். தந்தை மறைந்தபின் மகள் எடுத்துக்கொண்டதாக இருக்கலாம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி பெருகித் திருநெல்வேலி சந்திப்பிலும் கொக்கிரகுளத்திலும் புகுந்ததே, அப்படி நனைந்த கணினியின் ஹார்ட் டிஸ்கைக் கழற்றி வேறொன்றில் மாட்டினாலும் அதே அனுமதி மறுப்புதான் திரையில் வரும். நான் வற்புறுத்துவது ஒன்றைத்தான்: எந்த வகைப் பூட்டு என்று தெரியாமல் எதையும் அழிக்காதே.

விண்டோஸ் ஆளின் பெயரைப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு கணக்குக்கும் எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீண்ட அடையாள எண்ணைக் கொடுத்து, அதையே ஃபைலின் உரிமையாளராகப் பதிந்துவைக்கிறது. கணக்கை நீக்கிவிட்டு அதே பெயரில் புதிதாக உருவாக்கினாலும் எண் வேறு. ஆகவே கதவு திறக்காது. இது ஆள் மாறியும் பட்டா மாறாத வீட்டின் நிலைமைதான். அட்மின் கணக்கில் 'டேக்ஓன்' கட்டளையால் உரிமையை மாற்றி, 'ஐகேக்ல்ஸ்' கட்டளையால் அனுமதி கொடுத்தால் தீர்ந்தது. அந்த ஒரு ஃபோல்டரோடு நிறுத்திக்கொள். சி டிரைவ் முழுவதற்கும் ஏவினால் விண்டோஸ் தன் சொந்த ஃபைல்களுக்குப் போட்டிருக்கும் காவலும் கலைந்துவிடும்.

இன்னொரு பூட்டு குறியாக்கம். அங்கே உரிமையை மாற்றினாலும் படிக்க முடியாது. விண்டோஸின் இ.எஃப்.எஸ். முறையில் பூட்டிய ஃபைலுக்கான சாவி, அந்தப் பழைய பயனரின் ஃபோல்டருக்குள்ளேயே, அவருடைய பாஸ்வேர்டின் காப்பில் இருக்கிறது. இடம் அடைக்கிறதென்று அந்த ஃபோல்டரை நீக்கினால் சாவியும் சேர்ந்து போய்விடும். அட்மினாக உட்கார்ந்து பழைய கணக்கின் பாஸ்வேர்டை வலிந்து மாற்றினாலும் சாவி எட்டாமல் போகும். பிட்லாக்கர் என்ற குறியாக்கம் போட்ட டிஸ்கை வேறு கணினியில் மாட்டினால் 48 இலக்க மீட்பு எண் கேட்கும். பெரும்பாலும் அந்த எண், கணினியை முதலில் அமைத்தவரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அவர் இப்போது சென்னையிலோ துபாயிலோ வேலை பார்க்கலாம். ஒரு போன் செய்து கேட்டால் தீரும் காரியத்துக்கு ஃபார்மட் எதற்கு?

"கணினி என்னுடையது, நான்தான் அழிக்கச் சொல்கிறேன்" என்று வாடிக்கையாளர் சொல்லலாம். அது நியாயமான பேச்சு, அவர் சொற்படி அழிக்கத்தான் வேண்டும். ஆனால் உள்ளே இருப்பது அண்ணனின் சான்றிதழ்களாகவோ, இறந்துபோன தந்தை ஸ்கேன் செய்துவைத்த பத்திரங்களாகவோ இருக்கலாம். கேட்பவருக்கே அது தெரியாது, உனக்கும் தெரியாது. ஆகவே அழிக்குமுன் ஒரு நகல் எடுத்துவை. அழிக்கக் கிடைத்த அனுமதி திறந்து பார்ப்பதற்கான அனுமதியும் ஆகாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 72ஏ பிரிவு, சேவை செய்யும்போது கைக்கு வந்த பிறருடைய தனிப்பட்ட தகவலைத் தீய நோக்கோடு வெளியிடுபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை என்கிறது. இந்தப் பிரிவு வெளியிடுவதைத்தான் தண்டிக்கிறது. பார்க்காமலிருப்பது உன் தொழில் மரியாதை.

சின்ன வேலைக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்பாய். நேரம் பிடிப்பது நகலெடுப்பதுதான், அதற்கு நீ பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. 'ரோபோகாப்பி' கட்டளையை பேக்கப் முறையில் ஓட்டினால் உரிமை எதையும் மாற்றாமலே, ஒரு ஃபைலையும் திறக்காமலே, முழு ஃபோல்டரும் வெளி டிஸ்குக்குப் போய்விடும். குறியாக்கிய ஃபைல்களை அப்படியே எடுக்க அதில் தனி வழி இருக்கிறது. சாவி இருக்கும் பயனர் ஃபோல்டரையும் விடாமல் சேர்த்துக்கொள். நகல் சரியாக வந்திருக்கிறதா என்று அளவையும் எண்ணிக்கையையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகு மூலத்தை அழி. அந்த டிஸ்கை வாடிக்கையாளர் கையில் கொடுத்து, பழைய பயனருக்குச் சொல்லிவிடச் சொல். உன் கடைக் கணினியில் ஒரு நகலும் தங்கக் கூடாது.

அன்புடன்,
உன் தொழிலில் மூத்த ஒருவன்